புகார் கொடுக்கும் இடம்

உத்தமபாளையத்தில் பாஜிலா வீட்டு முன்னறையில், கவிழ்த்த திராட்சைக் கிரேடின் மேல் பழைய கம்ப்யூட்டர் இரைகிறது. ஜன்னல் வெயிலில் அதன் பச்சை விளக்கு எரிவதே தெரியவில்லை. திராட்சைப் பந்தலுக்கு அடியில் பெண்கள் வேலை செய்யும்போதே பூச்சிமருந்து அடிக்கிற படங்களை, பெரிய கம்பெனி ஒன்றின் சமூக வலைத்தளத்தில் தன் பக்கத்தில் அவள் போட்டிருந்தாள். தோட்ட முதலாளியின் ஆட்கள் புகார் மேல் புகார் கொடுத்து அந்தப் பக்கத்தைப் போன மாதம் முடக்க வைத்துவிட்டார்கள். இப்போது இந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் தளமே அவளுடையது. வெளியூரில் வாடகைக்கு எடுத்த சிறிய சர்வர் ஒன்று வாசல்போல் நின்று, வருகிறவர்களை இந்தப் பெட்டிக்கு அனுப்பிவைக்கிறது. மருந்து பட்டுக் கொப்புளம் போட்ட விரலால், பந்தலில் வேலை செய்யும் பாண்டீஸ்வரி போனைத் தட்டுகிறாள். படம் ஏறுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக் கட்டப்பனையில் வேறு யாரோ நடத்தும், இதோடு இணைந்த இதேபோன்ற தளத்திலிருந்து மலையாளத்தில் ஒரு பதில் வந்து விழுகிறது. "அங்கனயும் தெரியுதா?" என்று பாண்டீஸ்வரி எழுந்தே விடுகிறாள். அதற்குள் தோட்டத்து மேஸ்திரி வாசலில் வந்து நிற்கிறார். "படத்தை எடுத்துரு தாயி. மொதலாளி திரும்பவும் புகார் குடுக்கச் சொல்லிட்டாக. இப்பப் படம் போடுற இந்தக் கம்பெனி எங்கன இருக்கு, யாருகிட்ட குடுக்கணும்?" பாஜிலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போடுகிறாள். "எங்கிட்டத்தான் குடுக்கணும்ண்ணே. உக்காருங்க. பொம்பளைக வேலை செய்யையில மருந்து அடிக்கலன்னு உங்க வாயால சொல்லுங்க, அதையும் போடுறேன்." பாண்டீஸ்வரி போனை அவர் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். மேஸ்திரி உட்காரவும் மாட்டேன் என்கிறார், சொல்லவும் மாட்டேன் என்கிறார்.