எட்டாத கொடி

சுத்தியல் சத்தம் கேட்டதுமே வினோலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டிப் பார்த்தாள். நினைத்தது சரிதான். பக்கத்து வீட்டு மாணிக்கராஜ் துணிக்கொடியின் ஆணியைப் பிடுங்கி, நாலு விரல்கடை மேலே அடித்துக்கொண்டிருந்தார்.

வாரத்துக்கு ஒரு தடவை இந்தக் கூத்து. சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய இந்த நந்திதுர்க் லைன் வீடுகளில் இதைக் கேட்க ஒரு நாதி இல்லை.

அவர் பெண்சாதி ஐடாவுக்கு அறுபத்தைந்து வயசு. ஏற்கெனவே மூட்டுவாதம். போதாததற்குத் தோளில் தசைநார் கிழிந்து ஆறு மாசம் ஆகிறது. அந்தக் கையால் துணி காயப்போடச் சொல்கிறாரே, இவரெல்லாம் ஒரு மனுஷனா?

"ம், போடு."

ஐடா ஒரு பாவாடையை எடுத்துக் கையைத் தூக்கினாள். தோளுக்குச் சற்று மேலே போனதும் கை நின்றுவிட்டது.

"முடியலைங்க."

"இன்னொரு தபா."

"எட்டலைங்க."

மாணிக்கராஜ் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆணியைப் பழைய இடத்திலேயே அடித்தார். ஐடா உள்ளே போய்விட்டாள்.

வினோலியாவுக்கு நியாயம் கேட்கிற வாய் கொஞ்சம் நீளம். விறுவிறுவென்று வந்துவிட்டாள்.

"உங்களுக்கு மனசாட்சியே இல்லியா அங்கிள்? நோவுற கைய வெச்சிக்கினு ஆன்ட்டி இன்னா பண்ணுவாங்க? தள்ளுங்க, நானே போடறேன்."

கூடைக்குள் கையை விட்டவள் திகைத்தாள். துணியெல்லாம் மொறமொறவென்று காய்ந்து கிடந்தது.

"நேத்தே நான் தோய்ச்சிக் காயவெச்ச துணிம்மா இது. ஆஸ்பத்திரில ஆபரேஷன் வாணாம்னுட்டாங்க. பிசியோதெரபி மேடம், கனம் எதுவும் தூக்காம கைய மட்டும் கொஞ்சங்கொஞ்சமா மேல ஏத்திப் பழக்கச் சொன்னாங்க. செவுத்துல விரல வெச்சி ஏத்துடின்னா இவ சிரிக்கிறா. துணின்னாதான் தூக்குறா. மூணு வாரமா அதுவும் மேல ஏற மாட்டேங்குது."

வினோலியாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அதுக்கு இன்னா அவசரம் அங்கிள்? மெதுவா வரட்டுமே. அவங்க தலையக்கூட நீங்கதானே வாரிவிடறீங்க?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். இருமல்தான் வந்தது. முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய நெஞ்சு, லேசில் அடங்கவில்லை.

"கல்தூசு நெஞ்சுல ஒக்காந்துட்டுதும்மா. டாக்டர் எக்ஸ்ரேவப் பார்த்துட்டுக் கைய விரிச்சிட்டாரு. நான் போய்ட்டா அவ தலைய யாரு வாரிவிடுவாங்க? அந்தக் கை மேல வந்துட்டா போதும், நிம்மதியா கண்ண மூடிடுவேன். அவளுக்கு இது தெரியாது. சொல்லிடாத."

வினோலியா சரியென்று தலையாட்டினாள். ஆன்ட்டியிடம் கெஞ்சிக் கூத்தாடியாவது அந்தக் கையைத் தூக்க வைத்துவிட வேண்டும் என்று உள்ளே போனாள்.

கண்ணாடி முன்னால் ஐடா நின்றிருந்தாள். இரண்டு கைகளும் தலைக்குப் பின்னால். சரிந்துபோன கொண்டையைச் சுருட்டி அழகாக முடிந்துகொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி! உங்க கை..."

ஐடா வெடுக்கென்று கையை இறக்கினாள். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். முடிந்த கொண்டையை அவளே அவிழ்த்துவிட்டாள்.

"சொல்லிடாதடி வினோ. அந்த டாக்டர்கிட்ட நானும் போய்க் கேட்டுட்டேன். எனக்குக் கை எட்டாத வரைக்கும் அந்த மனுஷன் போவமாட்டாரு."