நீலம் எந்தப் பக்கம்?

"யோவ், நீலம் அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம்."

"மெதுவா பேசு, ஓர்ப்பா. பறவை இருக்கிற இடம்."

"இருந்த இடம்னு சொல்லு. உன் பன்னிதான் எல்லாத்தையும் மிதிச்சுத் தள்ளிடுச்சே."

"அவுத்து விட்டது நீ. பன்னி மட்டும் என்னுதா?"

ஆர்ஃபாக் மலைச்சரிவில், பனி இறங்கும் மாலையில், சேத்தும் அவன் மனைவி ஓர்ப்பாவும் ஈரத்தரையில் மண்டியிட்டிருந்தார்கள். பெட்டையை மயக்குவதற்காகக் குடிற்பறவை ஒன்று அங்கே குச்சிகளால் குடிசை கட்டி, வாசலில் பழத்தையும் பூவையும் வண்டுச் சிறகையும் நிறம் பிரித்துக் குவித்து வைத்திருந்தது. மதியம் சேத் வந்து பார்த்தபோது பாதிக் குடிசைதான் மிச்சம். ஓர்ப்பாவைக் கூட்டி வர ஓடினான்.

ஓடாமல் என்ன செய்வான்? போன வாரம் இதைப் பார்த்துவிட்டுப் போன ஜாவாக்காரர் ஹெர்மந்தோ, நாளைக் காலை படம் பிடிக்க வருகிறார். மனசுக்குப் பிடித்துவிட்டால், அடுத்த பருவத்தில் பறவை பார்க்க வரும் கூட்டம் முழுவதையும் சேத்தின் மலைக்கே அழைத்து வருவார். இல்லையென்றால் எல்லோரும் எதிர்மலை யூனுஸிடம் போய்விடுவார்கள். யூனுஸின் இளிப்பை நினைத்தாலே சேத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிவப்புப் பழம் வாசலுக்கு நேரா இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றான்.

"உனக்கா? முந்தாநாள் சர்க்கரைவள்ளியை அடுப்புல போட்டுட்டு மறந்து தூங்கினவன்தானே நீ? தள்ளு."

இருட்டுவதற்குள் குடிசை எழுந்துவிட்டது. ஓர்ப்பா வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே இருந்தாள். கட்டி முடித்ததென்னவோ அவள்தான்.

மறுநாள் காலை மூன்று பேரும் இலைத்தட்டிக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஹெர்மந்தோ கேமராவில் கண்ணை வைத்தார்.

"அப்படியே இருக்கு சேத். ஒரு குச்சிகூட மாறல."

"எங்க பறவை சுத்தக்காரன் ஐயா" என்றான் சேத், கொஞ்சமும் கூசாமல். ஓர்ப்பா அவன் தொடையில் கிள்ளினாள்.

"பறவையும் வந்துட்டா போதும். கூட்டத்தை இங்கதான் கூட்டிட்டு வருவேன்."

வந்தது. புது வீடு பார்க்க வந்த ஆள் மாதிரி குடிசையை ஒரு சுற்றுச் சுற்றியது. ஒரு பழத்தை அலகால் நகர்த்தி வைத்தது. கேமரா படபடவென்று அடித்துத் தள்ளியது. யூனுஸ் ஒழிந்தான் என்று சேத்துக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

பறவை குடிசை வாசலில் நின்று தொண்டையை உப்பவைத்தது.

காதில் விழுந்ததையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லித்தான் அது பெட்டையை அழைக்கும். மலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நேற்றைய அவசரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் அதைச் சுத்தமாக மறந்திருந்தார்கள்.

முதலில் பன்றி உறுமியது. அடுத்து, கத்தி குச்சியை வெட்டும் சத்தம். அப்புறம், அச்சு அசலாக ஓர்ப்பாவின் குரல்.

"அடுக்கினது போதும் வாய்யா. அந்த மொட்டைத் தலையனுக்கு என்ன தெரியப்போகுது?"

ஹெர்மந்தோ கேமராவைக் கீழே வைத்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றி, பளபளவென்றிருந்த தன் தலையை ஒருமுறை நிதானமாகத் தடவிப் பார்த்துக்கொண்டார்.