டியூப்பின் வாயை அடைத்த கதை

தனலிங்கத்தின் பழைய பைக்கில் ஒரு சிவப்பு பெட்ரோல் டேங்க் இருந்தது. அதற்குள் காற்று போய்வர, பென்சில் கனத்தில் ஒரு ரப்பர் டியூப் அடியில் தொங்கியது. பங்க்குக்குப் போனாலே கழுத்துவரை நிரப்பச் சொல்வார் தனலிங்கம். டேங்க்கும் போதும் என்று சொல்லாமல் குடிக்கும். மிஞ்சியது டியூப் வழியாக ஒழுகும்.

“மானத்தை வாங்குறியேடா! நான் குடிச்சதை ஊருக்கே சொல்லணுமா?” என்று டேங்க் சீறும்.

“நீங்க அளவாக் குடிச்சா நான் ஏண்ணே சொல்லப்போறேன்?” என்று கேட்கும் டியூப்.

நாற்றம் பொறுக்காமல் தனலிங்கம் ஒருநாள் டியூப்பின் வாயில் ஸ்க்ரூ ஒன்றைத் திருகிவிட்டார். டேங்க்குக்கு ஒரே கொண்டாட்டம்.

மறுநாள் காலை பைக் மூன்று கிலோமீட்டர் ஓடி நடுரோட்டில் நின்றது. “பெட்ரோல் விடுங்கண்ணே!” என்று கத்தியது இன்ஜின். டேங்க் முக்கிப் பார்த்தது. உள்ளே காற்று வராததால் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

“தம்பி, கொஞ்சம் காத்து விடுடா!” என்று டியூப்பிடம் கெஞ்சியது.

“ம்ம்… ம்ம்…” என்றது டியூப், வாயில் ஸ்க்ரூவோடு.

மெக்கானிக் இருதயம் வந்து ஸ்க்ரூவைப் பிடுங்கினார். அது கிழித்த நுனியை நறுக்கிவிட்டு, டியூப்பைக் கிளிப் போட்டுப் பொருத்தினார். “டியூப் மேல தப்பே இல்ல சார். கழுத்துவரைக்கும் ரொப்பாதீங்க, ஒழுகாது” என்றார்.

அடுத்த முறை தனலிங்கம் பங்க்கில் அளவாகவே போடச் சொன்னார்.

“நான்தான் போதும்னுட்டேன். இந்த வயசுல உடம்பைப் பாத்துக்கணும்ல?” என்று இன்ஜினிடம் பெருமையாகச் சொன்னது டேங்க்.

அதைக் கேட்டு டியூப்புக்கு வந்த சிரிப்பில், நல்லவேளை, கிளிப் கழன்று விழவில்லை.