நாற்பது வயது மகள்

கெமிக்கல் இன்ஜினீயரிங் இடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், அதைப் படித்தால் பிள்ளை நாற்பது வயதில் எப்படி இருக்கும் என்று கலந்தாய்வு மையத்தில் திரையில் காட்டிவிடுவார்கள். பெற்றோர் கேட்டால் அந்தப் பிள்ளை பதிலும் சொல்லும். மகள் நிறைமதி வெளியே காத்திருந்தாள்.

திருமேனியிடம் இருந்தது மனைவி கோமளத்தின் இதய ஆபரேஷனுக்கென்று சேர்த்த பணம்தான். ஆபரேஷனை இரண்டு வருஷம் தள்ளிப்போடலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். திரையில் வந்தவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"சம்பளம் எவ்வளவும்மா?" என்றார் திருமேனி.

"மாசம் பதினெட்டு லட்சம்ப்பா. நீங்க செலவழிச்சது ஒரே வருஷத்துல திரும்பி வந்துடுச்சு."

"அம்மா எப்படி இருக்கா?"



"நான் ரெண்டாவது வருஷம் படிக்கும்போதே போயிட்டாங்கப்பா."

திருமேனி எழுந்துவிட்டார். பணம் கட்ட வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று மனைவியின் கையைப் பிடித்தார். கோமளம் கையை விடுவித்துக்கொண்டாள். திரையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவே இல்லை.

"சும்மா உட்காருங்க, இன்னும் நேரம் இருக்கு," என்றாள். "இவளுக்குக் கீழ எத்தனை பேர் வேலை பார்க்குறாங்கன்னு கேளுங்க."