நூற்றிரண்டு டிகிரி

நீல அங்கி போட்டிருந்தவள் வசுமதியின் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியைப் பிடித்தாள்.

தொண்ணூற்றேழு என்று காட்டியது.

"நூத்தி ரெண்டு," என்றாள், வாசலில் நின்ற வசுமதியின் கணவனுக்குக் கேட்கும்படி.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு. ஆனாலும் நன்றாகவே வந்தது.

இவள் மாநகராட்சி ஆள் அல்ல. போட்டிருந்த நீல அங்கி இரவல். வீட்டில் அடி வாங்கும் பெண்கள் கூப்பிட ஒரு எண் உண்டு. அந்தப் போனை எடுப்பதுதான் இவள் வேலை. முந்தாநாள் வசுமதி பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினாள். போலீஸ் வேண்டாம் என்றாள். வந்து அவளுக்குத்தான் புத்தி சொல்லிவிட்டுப் போவார்களாம். ஊரடங்கு போட்டதிலிருந்து அவன் வெளியே போவதில்லை. அவளையும் வாசல் தாண்ட விடுவதில்லை.

கொரோனா என்றால் விட்டுத்தானே ஆகவேண்டும்?

அந்த யோசனை இவளுடையது. நேற்றெல்லாம் அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வசுமதி தெருவில் நின்ற மாநகராட்சி வேனில் ஏறி உட்கார்ந்தாள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. இடது கண் சரியாகத் திறக்கவில்லை.

வேன் கிளம்பினால் போதும். பரிசோதனை முகாமின் வாசலில் பெண்கள் காப்பகத்து ஆட்டோ காத்திருக்கிறது.

கணவன் சத்தம் போடவில்லை. அதுதான் இவளுக்குப் பிடிக்கவில்லை.

வேன் டிரைவருக்கு இது எதுவும் தெரியாது. நல்ல மனுஷர். விதியை மீறாதவர்.

"சார், ஒரே வீட்டுல இருந்தா நீங்களும் டெஸ்ட் எடுக்கணும். ஏறுங்க."

ஊருக்கே தெரிந்த விதி. இதை எப்படி மறந்தாள்?

ஓடிப்போய் அவன் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டினாள்.

"இவருக்கு நார்மல்தாண்ணே. வீட்லயே இருக்கட்டும்."

"பரவால்ல மேடம்," என்றான் அவன். "அவளைத் தனியா விட மாட்டேன்."

வீட்டுக் கதவைப் பூட்டினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

டிரைவருக்கு மனசு இளகிவிட்டது.

"பொண்டாட்டி மேல எவ்ளோ பாசம் பாருங்கக்கா."

வேனுக்குள் அவன் வசுமதியை ஒட்டி உட்கார்ந்தான். கலைந்திருந்த அவள் முடியை ஒதுக்கிவிட்டான்.

இன்ஜின் உறுமியது.

அவன் புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தான்.

பிறகு, வைத்த கையை எடுக்காமலே, ஜன்னல் கண்ணாடி வழியாகத் திரும்பி, தெருவில் நின்ற இவளைப் பார்த்தான்.