பத்தாவது நாள் சந்தேகம்

“டால், ஹை, ரெண்டுமே இங்கிலீஷ்ல உயரம்தானே? அப்புறம் என்ன வித்தியாசம்?” என்று கேட்டபடி சமையலறை வாசலில் வந்து நின்றார் பஸ் டிரைவர்.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நாளாக, அடுப்பில் ஏதாவது கொதிக்கும் நேரம் பார்த்து, இப்படி ஒரு சந்தேகத்தோடு வந்து நிற்கிறார்.

“நெடுநெடுன்னு நிக்கிற ஆளு, மரம் எல்லாம் டால். நீங்க டால். எனக்கு எட்டாத அந்த அலமாரி ஹை. புரிஞ்சுதா?”

“அப்ப மலை?”

“அது அகலமா விரிஞ்சு கிடக்குல்ல, அதனால ஹை. உங்க மண்டையில என்ன களிமண்ணா? இருபது வருஷம் ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தேன், இப்படி ஒரு மக்கைப் பார்த்ததே இல்ல!”

அவருடைய சட்டைப் பையிலிருந்து குபீரென்று சிரிப்பு கிளம்பியது. ஒருவர் சிரிப்பல்ல, ஒரு கூட்டமே சிரித்தது.

அவள் கரண்டியும் கையுமாகத் திகைத்து நின்றாள். அவர் அசடு வழியப் போனை வெளியே எடுத்தார்.

“டெப்போல பதினெட்டு டிரைவருங்க. அடுத்த வாரம் எங்களுக்கு இங்கிலீஷ் பரீட்சை. வளர்ந்த ஆளுங்களுக்குப் பாடம் நடத்தக் கூச்சமா இருக்கு, என்னால முடியாதுன்னு நீதானே சொன்னே?”

“ஐயோ! பத்து நாளாவா கேட்டுட்டிருக்காங்க?”

“டீச்சர்,” என்றது போன் பணிவாக, “கட்டடம் டாலா, ஹையா?”

அவள் அடுப்பை அணைத்தாள். கலைந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, போனுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

“முதல்ல எல்லாரும் நோட்டைத் திறங்க!”

“அது பத்து நாளா திறந்துதான் இருக்கு, டீச்சர்!”