பஸ் போகாத வீடுகள்

மாமன்றக் கூடத்தில் எல்லா மின்விசிறிகளும் சுற்றுகின்றன, ஆனாலும் வெக்கை தணியவில்லை. ஆற்றங்கரை வார்டின் கவுன்சிலர் இசக்கிச்செல்வி மூன்றாவது முறையாக எழுந்து நிற்கிறார். கரகரக்கும் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு வெறுங்குரலில் கேட்கிறார்: “வெள்ளம் வந்திரும்னு எங்க சனத்தைக் கரையில இருந்து கிளப்பி, ஊருக்கு வெளிய மாடி வீட்டுல கொண்டு வச்சீங்க. வீடு நல்ல வீடுதான். வண்ணார்பேட்டைக் கடைகளுக்கு வேலைக்கு வர ஒரு பஸ் உண்டுமா, அண்ணாச்சி?” மேயர் தவசிக்கனி கண்ணாடியைக் கழற்றித் துண்டின் நுனியால் துடைக்கிறார். “பஸ் நம்ம கையில இல்லம்மா. எழுதிப் போட்டிருக்கோம்.” “போன கூட்டத்துலயும் இதத்தான சொன்னீங்க!” “வீடு கட்டுனதும் நாம இல்லையே.” “அப்போ எங்களைக் காலி பண்ணச் சொன்னது யாரு?” பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். இருவருக்கும் நடுவே வடைத் தட்டு நீள்கிறது. இசக்கிச்செல்வி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேயர் மணியைத் தட்டி, “அடுத்த தீர்மானம்” என்கிறார்.

கூட்டம் முடிந்து மேயர் வாசலுக்கு வரும்போது அவருடைய காரின் பின்சீட்டில் இசக்கிச்செல்வி உட்கார்ந்திருக்கிறார். பையை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறார். “என்னம்மா இது?” “நானும் அந்த மாடி வீட்டுலதான் குடியிருக்கேன். மூணு ஆட்டோக்காரன்ட்ட கேட்டாச்சு, ஒருத்தனும் வர மாட்டேங்கான். நீங்களே கொண்டு விடுங்க.” உச்சி வெயில் காரின் மேல் கொதிக்கிறது. அதிகாரிகள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். மேயர் பெருமூச்சு விட்டு முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்துகிறார். டிரைவர் வண்டியைக் கிளப்பாமல் அவர் முகத்தையே பார்க்கிறார். மேயர் மெல்லப் பின்னால் திரும்பி, “எந்தப் பக்கம் போவணும்?” என்று கேட்கிறார்.